கனமான கேமராவைத் தூக்க: நாலு கையா, ஆறா, எட்டா?

சொந்தமாக ட்ரோன் கட்ட உட்காரும்போது கேமராவின் எடையோடு கணக்கை நிறுத்திவிடக் கூடாது. கேமராவும் லென்ஸும் 1.5 கிலோ, கேமராவை ஆடாமல் பிடிக்கும் கிம்பல் 1 கிலோ என்றால், ஃப்ரேம், மோட்டார்கள், பேட்டரி எல்லாம் சேர்ந்து மொத்தம் 8 கிலோ வந்துவிடும். அந்த 8 கிலோவை வைத்தே பார்ப்போம்.

மோட்டாரும் விசிறியும் தாங்கும் கை கூடக்கூடத் தூக்கும் திறன் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே அளவு ஃப்ரேமில் நடப்பது நேர்மாறு. நடுவிலிருந்து மோட்டார் வரை 50 செ.மீ. என்று வையுங்கள். பக்கத்து விசிறிகள் உரசாமல் இருக்க வேண்டும் என்றால், நாலு கை உள்ள குவாடில் விசிறியின் விட்டம் சுமார் 70 செ.மீ. வரை போகலாம். ஆறு கை உள்ள ஹெக்ஸாவில் 50 தாண்ட முடியாது, எட்டு கை உள்ள ஆக்டோவில் 38தான். எல்லா விசிறிகளும் சுற்றும் பரப்பைக் கூட்டினால் குவாட் ஏறக்குறைய 1.5 சதுர மீட்டர், ஹெக்ஸா 1.2, ஆக்டோ 0.9. பரப்பு சுருங்கினால் காற்றை வேகமாகத் தள்ள வேண்டும், அதற்குக் கரண்ட் கூடுதலாகப் போகும். அதே 8 கிலோவை அந்தரத்தில் நிறுத்த, குவாடைவிட ஆக்டோவுக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அதிக சக்தி வேண்டும்.

அப்படியானால் பறக்கும் நேரத்தில் குவாடுக்குத்தான் முதலிடம். இருந்தும் இந்த வேலைக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு சால்டரிங் விட்டுப்போனால், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி ஒன்று கருகினால், குவாட் அப்படியே கவிழ்ந்து விழும், கேமராவும் போகும். தவிர, அவ்வளவு பெரிய விசிறி சட்டென்று வேகம் மாற்றாது. காற்று குத்தும்போது ஃப்ரேம் ஆடும், கிம்பலுக்கு வேலை கூடும்.

ஹெக்ஸாவில் ஒரு மோட்டார் நின்றால், சமநிலைக்காக எதிர்ப்பக்க மோட்டாரும் அடங்க வேண்டும். மிச்சம் நாலுதான் சுமக்கும். மொத்த உந்துவிசை எடையைப் போல் 2 மடங்கு என்று கட்டியிருந்தால், அந்த நாலின் உச்சம் எடையைப் போல் 1.33 மடங்கு. தாங்கும், ஆனால் இறுக்கம். திசையைப் பிடிக்கும் பலமும் போய்விடுவதால் ட்ரோன் தன்னைத்தானே சுற்ற ஆரம்பிக்கலாம். இறக்கிவிடலாம், படம் எடுக்க முடியாது. 2.5 மடங்காகக் கட்டினால் நாலு மோட்டாரில் 1.67 மடங்கு கிடைக்கும், நம்பி இறக்கலாம்.

ஆக்டோவில் இதே நிலைமையில் ஆறு மோட்டார் மிச்சம். 2 மடங்கில் கட்டினாலே 1.5 மடங்கு கையில் இருக்கும், திசையும் கட்டுக்குள் நிற்கும். பாதுகாப்பில் இதுதான் முதல். விலை, வயரிங், தூக்கிப் போகும் பாடு எல்லாமே அதற்கேற்பக் கூடும்.

எக்ஸ்8 என்பது நாலு கை, ஒவ்வொன்றிலும் மேலும் கீழும் ஒரு மோட்டார். மடித்தால் காரில் அடங்கும் என்பதால் பலருக்குப் பிடிக்கும். கீழ் விசிறி மேல் விசிறியின் காற்றிலேயே சுற்றுவதால், எட்டும் தனித்தனியாகச் சுற்றும்போது கிடைப்பதைவிட உந்துவிசை குறையும். இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வேறு. ஒரு கையில் ஒரு மோட்டார் செத்தால் அந்தக் கையின் சுமை முழுவதும் ஜோடி மோட்டார் தலையில் விழும். 2 மடங்கில் கட்டியிருந்தால் அது முழு வேகத்தில் ஓடித்தான் சமாளிக்க வேண்டும், திருத்திக்கொள்ள மிச்சமே இருக்காது. எட்டு மோட்டார் இருப்பதாலேயே பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எக்ஸ்8 என்றால் 2.5 மடங்குக்குக் குறையவே கூடாது.

பேட்டரி விஷயத்தில் 12எஸ், அதாவது 12 செல்லைத் தொடராக இணைத்தது, நல்லது. 1000 வாட் வேண்டும் என்றால் 6எஸ் லிப்போவில் (லித்தியம் பாலிமர் பேட்டரி) 45 ஆம்பியர், 12எஸ்ஸில் அதில் பாதி. அதே வயரில் சூடாகி வீணாவது கால்வாசியாகக் குறையும். நேரம் போதவில்லை என்று பேட்டரியைப் பெரிதாக்கும் முன் ஒரு கணக்கு: 8 கிலோ 9 ஆனால் தேவைப்படும் சக்தி 19 சதவீதம் ஏறும்.

சரி, இந்த 8 கிலோவுக்கு என் தேர்வு ஹெக்ஸா, 2.5 மடங்கு உந்துவிசையோடு. கேமராவின் விலை மற்ற எல்லாவற்றையும் சேர்த்ததைவிட அதிகம் என்றால், அல்லது எடை இதற்கு மேல் போனால், ஆக்டோவுக்குப் போய்விடுங்கள். ஃப்ரேமை மடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் மட்டும் எக்ஸ்8.