சென்னையில ஸ்டூடண்ட் பேங்க் அக்கவுண்ட்: திருகோணமலையில இருந்து படிக்க போறாக்களுக்கு

என்ர தங்கச்சி சென்னையில டிகிரி படிக்கிறாள், அவளுக்கு அங்க அக்கவுண்ட் திறக்கேக்க கூட நிண்டு எல்லாம் செய்தது நான் எண்டபடியா இந்த ரிவியூவ எழுதுறன். உப்புவெளி, லிங்கநகர், அன்புவழிபுரம் பக்கத்தில எனக்கு தெரிஞ்சே நாலைஞ்சு வீட்டுப் பிள்ளையள் இந்தியாவுக்கு போக ஆயத்தமா நிக்கினம். பலாலி சென்னை பிளேன் 2022 டிசம்பர்ல திரும்ப தொடங்கினாப்பிறகு போய் வாறது லேசாப் போச்சு, விசாவுக்கு என்ன குடுக்கோணும் எண்டு எல்லாரும் சொல்லுவினம், ஆனா போய் இறங்கினாப்பிறகு காசு எதுக்குள்ள போட்டு எப்பிடி எடுக்கிறது எண்டு ஒருத்தரும் வடிவா சொல்லி அனுப்புறதில்ல.

நாங்கள் முதல் போனது ஹொஸ்டலுக்கு கிட்ட இருந்த ஒரு கிளைக்கு. பேர் வேண்டாம். கவுண்டரில இருந்த பிள்ளை பாஸ்போட்ட பாத்திட்டு "ஆதார் கார்டு எடுத்துட்டு வாங்க மேடம்" எண்டா, அது இந்தியாவில குடுக்கிற அடையாள அட்டை. இலங்கையில இருந்து வந்து ஒரு கிழமை கூட ஆகேல்ல, ஆதாருக்கு எங்க போறது, வெளிநாட்டாக்கள் எண்டா கடைசி 12 மாசத்தில 182 நாளாவது இந்தியாவில இருந்திருந்தால்தான் ஆதாருக்கே பதியலாம். அதை சொன்னாப்பிறகும் "சிஸ்டம்ல வராது" எண்ட ஒரே பதில். தங்கச்சிக்கு கண் கலங்கிட்டுது. தமிழ் கதைக்கிற ஊருக்கு வந்தும் இப்பிடியா எண்டு அவளுக்கு கவலை.

உண்மையில அக்கவுண்ட் திறக்க அந்த ஆதார் தேவையே இல்ல. இந்திய ரிசர்வ் பேங்கின்ர கேவைசி விதியில, அதாவது அக்கவுண்ட் திறக்கிற ஆள் ஆரெண்டு பேங்க் உறுதிப்படுத்துற விதியில, வெளிநாட்டு மாணவருக்கெண்டு தனியா ஒரு பகுதியே இருக்கு: விசாவும் இமிகிரேஷன் முத்திரையும் உள்ள பாஸ்போட், சொந்த நாட்டு அட்ரஸுக்கு ஆதாரம், போட்டோ, கொலிஜ் குடுத்த அட்மிஷன் லெட்டர், இவ்வளவையும் வச்சு என்.ஆர்.ஓ அக்கவுண்ட், அதாவது இந்தியாவில நிரந்தரமா இல்லாதாக்களுக்கான ரூவா அக்கவுண்ட் திறக்கலாம். இந்தியாவில இருக்கிற அட்ரஸ அக்கவுண்ட் திறந்து 30 நாளுக்குள்ள குடுத்தா காணும். ஆனா ஒண்டு, பேங்க் விரும்பினா திறக்கலாம் எண்டுதான் விதி, கட்டாயம் திறக்கோணும் எண்டு இல்ல, அதால ஒரு கிளையில ஏலாது எண்டா அங்க நிண்டு வாதாடி பிரயோசனம் இல்ல, வேற கிளைய பாருங்கோ. போனவுடன "சேவிங்ஸ் அக்கவுண்ட் வேணும்" எண்டு கேக்காதேங்கோ, "வெளிநாட்டு மாணவருக்கு என்.ஆர்.ஓ அக்கவுண்ட்" எண்டு கேளுங்கோ, அப்பதான் சரியான ஆளிட்ட அனுப்புவினம்.

பிறகு கொலிஜில வெளிநாட்டு மாணவர பாக்கிற ஒபிசில கேட்டம், அவை தாங்கள் வழமையா பிள்ளையள அனுப்புற கிளைய சொன்னவை. இந்த ரிவியூவில நான் நல்லா சொல்லப்போறது அந்த கிளையைத்தான். அங்க இருந்த மேடம் எங்கட ஃபைல பாத்திட்டு "உக்காருங்கம்மா, ஃபாரின் ஸ்டூடண்ட் தானே, பண்ணிடலாம்" எண்டு சொல்லேக்கயே பாதி பாரம் இறங்கிட்டுது. ஒவ்வொரு ஃபோர்மையும் எங்க கையெழுத்து எண்டு பென்சிலால அடையாளம் போட்டு தந்தவ, பான் கார்ட் (இந்திய வருமானவரி நம்பர் உள்ள கார்ட்) இல்லாததுக்கு ஃபோர்ம் 60 நிரப்ப காட்டினவ, தங்கச்சியோட நேர கதைச்சவ, என்ன பாத்து கதைக்கேல்ல, அது எனக்கு நல்லா பிடிச்சது, ஏனெண்டா நாளைக்கு தனிய வந்து நிக்கப்போறது அவள்தானே.

ஊரில இருந்தே கொண்டுபோக வேண்டியது வீட்டு அட்ரஸுக்கு ஒரு கடிதம். நாங்கள் கிராம சேவகரிட்ட வதிவிடச் சான்றிதழ் எடுத்து, பட்டணமும் சூழலும் பிரதேச செயலகத்தில மேலொப்பம் வைப்பிச்சு, இங்கிலிசில கொண்டுபோனம். அந்த மேடம் அதை பாத்தவுடன ஒரு கேள்வியும் கேக்கேல்ல. இதை விட்டிட்டு போனா அம்மா அப்பா பிறகு இங்க ஓடித்திரிஞ்சு கூரியர்ல அனுப்போணும்.

பேர் விசயம் இன்னும் முக்கியம். எங்கட பாஸ்போட்டில அப்பான்ர பேரும் சொந்தப் பேரும் முழுசா இருக்கும், அங்கத்தைய கொலிஜில இனிஷியல் போட்டு சுருக்கி எழுதுற பழக்கம். அட்மிஷன் லெட்டரில ஒரு மாதிரி, பாஸ்போட்டில இன்னொரு மாதிரி இருந்தா பேங்கில நிக்கும். லெட்டர் கையில வந்த அண்டைக்கே எழுத்து எழுத்தா ஒத்துப்பாத்து, பிழையெண்டா திருத்தி வாங்குங்கோ.

காசு அனுப்புறாக்கள் இதை கவனமா வாசியுங்கோ. அங்கத்தைய அட்ரஸ் உறுதியாகும் வரைக்கும், அந்த 30 நாளுக்குள்ள, வெளிநாட்டில இருந்து 1,000 டொலருக்கு மேல அந்த அக்கவுண்டுக்கு வரேலாது, மொத்தமா 50,000 இந்திய ரூவா எண்ட உச்சவரம்பும் இருக்கு. அதால கொலிஜ் ஃபீஸ், ஹொஸ்டல் ஃபீஸ் எல்லாத்தையும் பிள்ளையின்ர அக்கவுண்டுக்கு போட்டு பிறகு கட்டுவம் எண்டு நினைக்காதேங்கோ. நாங்கள் ஃபீஸ் முழுக்க இங்க திருகோணமலையில பேங்கில குடுத்து நேர கொலிஜின்ர அக்கவுண்டுக்கு அனுப்பினம், அட்மிஷன் லெட்டர், ஃபீஸ் பில், பாஸ்போட், விசா கொப்பி கேட்டவை. தங்கச்சிக்கு சாப்பாட்டு, பஸ் காசு மட்டும் அவளின்ர அக்கவுண்டுக்கு. எங்கட ரூவா டொலராகி, டொலர் இந்திய ரூவாவாகி போறதால ரெண்டு பக்கமும் வெட்டு விழும், சின்ன சின்னத் தொகையா அடிக்கடி அனுப்பினா கட்டணத்திலயே போயிடும்.

30 நாள் எண்டு சும்மா இருந்திடவும் ஏலாது. 180 நாளுக்கு கூடின ஸ்டூடண்ட் விசா எண்டா வந்து 14 நாளுக்குள்ள எஃப்ஆர்ஆர்ஓவில (வெளிநாட்டாக்கள பதியிற ஒபிஸ்) பதியோணும், இப்ப அது ஒன்லைன்ல. நீங்கள் தங்கியிருக்கிற விபரத்த ஹொஸ்டல்காரரும், படிக்கிற விபரத்த கொலிஜும் அவைக்குரிய ஃபோர்மில போடோணும், இது ரெண்டும் உங்கட கையில இல்ல, அதால வந்த முதல் நாளே போய் கேளுங்கோ. அந்த பதிவு முடிஞ்சு வாற பேப்பரில அட்ரஸ் இருக்கும், அதை குடுத்துத்தான் எங்கட அக்கவுண்டில இருந்த அந்த உச்சவரம்ப நீக்குவிச்சம்.

ஏடிஎம் கார்ட் ஹொஸ்டலுக்கு தபால்ல வந்தது, பிரச்சினை இல்ல. ஜிபே மாதிரி அப் போட இந்திய சிம் வேணும். என்.ஆர்.ஓ அக்கவுண்டுக்கு வெளிநாட்டு நம்பர்ல யூபிஐ (போனால காசு கட்டுற இந்திய முறை) பாவிக்க விட்ட முதல் 10 நாட்டு பட்டியல்ல இலங்கை இல்ல, அதால சிம்ம முதல் எடுத்து அந்த நம்பரையே பேங்கில குடுங்கோ. லீவுக்கு ஊருக்கு வரேக்க அந்த சிம்முக்கு ரோமிங் போட்டிட்டு வரச் சொல்லுங்கோ, இல்லாட்டி திருகோணமலையில இருந்து ஓடிபி வராமல் ஒண்டும் செய்யேலாது. வட்டிய பெரிசா நம்பாதேங்கோ, என்.ஆர்.ஓ வட்டியில 30 வீத வரியும் அதுக்கு மேல செஸ் எண்ட மேலதிக வரியும் வெட்டுவினம்.

சேவைக்கு 5க்கு 4 குடுப்பன். ஒண்டு குறைக்கிறது பேங்கின்ர அப் ரெண்டு கிழமையா வேலை செய்யாமல் கிடந்ததுக்கு, கேட்டா ஹெட் ஒபிசில இருந்து வரோணும் எண்டுதான் சொன்னவை. விசாவ நீடிக்கிற நேரம் புது பதிவுப் பேப்பரையும் பேங்குக்கு குடுக்கச் சொல்லி அந்த மேடமே எங்களுக்கு சொல்லிவிட்டவ. குடுக்காட்டி அக்கவுண்ட நிப்பாட்டிடுவினமாம், அதுவும் எக்ஸாம் ஃபீஸ் கட்டுற நேரமா இருந்தா பிள்ளைதான் அந்தரப்படும்.