புரொப்பெல்லர் விமானத்தில் ஆறு வருடம்

போன வாரம் நண்பன் ஒருவன் டிக்கெட் விலையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினான். எங்கள் ஊருக்குப் பறக்கும் சின்ன விமான நிறுவனம் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்திருக்கிறது. "நீதான் ஆறு வருஷமா அதுலயே போயிட்டு வர்றியே, நம்பிப் போடலாமாடா? அஞ்சுக்கு எத்தனை மார்க் போடுவே?" என்று கேட்டிருந்தான். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்ல எனக்கு வரவில்லை.

விமானம் ஏடிஆர் 72. எழுபது சொச்சம் இருக்கை, இரண்டு பக்கமும் சுழலும் விசிறி. அதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்பா அம்மா ஊரில், எனக்கு வேலை இங்கே. மாதத்துக்கு இரண்டு முறை வெள்ளி மாலை போய்த் திங்கள் காலை திரும்புவேன். இருநூறு தடவைக்கு மேல் ஏறி இறங்கியிருப்பேன்.

முதலில் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்த விமானத்தின் இறக்கை உடம்புக்கு மேலே பொருத்தப்பட்டது. ஜெட் விமானத்தில் பாதி ஜன்னல்களில் உட்கார்ந்தால் இறக்கையைத்தான் பார்த்துக்கொண்டு வர வேண்டும். இதில் எந்த ஜன்னலில் உட்கார்ந்தாலும் தரை தெரியும். அதிக உயரத்திலும் பறப்பதில்லை. வயல் வரப்பு, செங்கல் சூளைப் புகை, மழைக்குப் பிறகு ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே போகலாம். சக்கரத்துக்குக் கொஞ்சம் பின்னால் உள்ள ஜன்னல் கிடைத்தால், இறங்கும்போது சக்கரம் வெளியே வருவதும், ஓடுதளத்தைத் தொட்டதும் ரப்பரிலிருந்து புகை கிளம்புவதும் கண்ணெதிரே நடக்கும். இருநூறு தடவை பார்த்தும் எனக்கு அது அலுக்கவில்லை.

இன்னொன்று, இதில் ஏறி இறங்கும் வாசல் பின்பக்கம். முன்பக்கம் சரக்கு அறைக்குப் போய்விடுகிறது. அதனால் கடைசி வரிசைக்காரர்தான் முதலில் இறங்குவார். படியில் இறங்கி, தார்த் தரையில் நாற்பது அடி நடந்தால் கட்டடம். பெட்டியைப் பதிந்து அனுப்பவில்லை என்றால் ஆறாவது நிமிடம் வண்டியில் இருக்கலாம்.

சின்னச் சின்னக் குறைகள் உண்டு, பெரிதுபடுத்த மாட்டேன். முன்பாதி இருக்கைகளில் விசிறிச் சத்தம் காதை அடைக்கும். மேலே பை வைக்கும் இடம் சின்னது. ஜெட்டில் நுழைகிற பெட்டி இதில் நுழையாது, படியடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஏடிஆரில் தரையில் நிற்கும்போது மின்சாரமும் குளிர்காற்றும் தரத் தனிக் குட்டி இயந்திரம் கிடையாது. வலது எஞ்சினின் விசிறியை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு சமாளிப்பார்கள். 'ஹோட்டல் மோட்' என்று அதற்குப் பெயர். அதையும் அணைத்துவிட்டால் வெயில் நாளில் உள்ளே புழுங்கித் தள்ளும். சரி, பத்து நிமிடம்தானே என்று விட்டுவிடலாம். நேரத்திலும் பெரிய நஷ்டமில்லை. இது மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் வேகம்தான், ஜெட் எண்ணூறைத் தாண்டும். ஆனால் எங்கள் ஊர் தூரத்துக்கு வித்தியாசம் பத்துப் பதினைந்து நிமிடம்தான்.

எனக்குப் பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்று. அந்தக் குறுஞ்செய்தி. 'நிர்வாகக் காரணங்களால் தங்கள் விமானத்தின் நேரம் மாற்றப்பட்டுள்ளது.' முதல் நான்கு வருடத்தில் அது எத்தனை முறை வந்தது என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். கடைசி இரண்டு வருடத்தில் அது வராத வாரம்தான் ஆச்சரியம். வெள்ளி மாலை ஐந்தரை விமானம் எட்டேகாலுக்குப் போகும். அப்புறம் சனிக்கிழமை காலை என்று வரும். இரண்டு விமானத்துக்கான ஆட்களை ஒன்றில் ஏற்றிவிடுவதும் உண்டு. செய்தி வந்த பிறகு அழைத்தால் ஒரு பாட்டு ஓடும், யாரும் எடுக்க மாட்டார்கள்.

இரண்டு வருடத்தில் என்ன நடந்தது? எங்கள் ஊர் ஓடுதளத்தை நீட்டினார்கள். ஏடிஆர் ஏறி இறங்க ஏறத்தாழ 1,300 மீட்டர் போதும். நீளம் கூடியதும் 180 பேர் உட்காரும் ஜெட்டை வைத்திருக்கும் பெரிய நிறுவனம் உள்ளே வந்தது. ஊரே கொண்டாடியது, நானும்தான் சந்தோஷப்பட்டேன். முதல் மாதமே பேருந்துக் கட்டணத்துக்கு விமான டிக்கெட். சின்ன நிறுவனம் தானும் குறைத்தது. அவர்கள் இன்னும் குறைத்தார்கள். இவர்களும் இன்னும் குறைத்தார்கள்.

இந்தக் கணக்கு எனக்குப் புரிய நாளானது. ஒரு முறை பறந்து வர ஆகும் மொத்தச் செலவு ஏடிஆருக்குக் குறைவு. எரிபொருளும் குறைவு, இறங்கு கட்டணமும் குறைவு. அதனால்தான் அறுபது பேர் மட்டும் போகும் தடத்தில் அதனால் பிழைக்க முடிகிறது. ஆனால் ஓர் இருக்கைக்கு என்ன செலவு என்று வகுத்துப் பார்த்தால், நிறைந்து பறக்கும் ஜெட்தான் மலிவு. அறுபது பேர் இருக்கும் இடத்துக்கு 180 இருக்கையைக் கொண்டுவந்தால் அதை நிரப்ப ஒரே வழி விலையைத் தரையில் போட்டு இழுப்பது. பெரிய நிறுவனத்துக்கு அது நூறு தடங்களில் ஒன்று. இங்கே விடுவதை வேறு இடத்தில் எடுத்துக்கொள்ளும். சின்ன நிறுவனத்துக்கு இருப்பதே ஐந்து தடம். விமான வாடகையை மாதாமாதம் டாலரில் கட்ட வேண்டும். எஞ்சின் ஓடிய ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பராமரிப்புக்கென்று தனியாகப் பணம் எடுத்து வைக்க வேண்டும். டிக்கெட் பாதி விலைக்குப் போனது என்பதற்காக வாடகைக்குக் கொடுத்தவர் பாதி வாங்கிக்கொள்ள மாட்டார்.

பணம் முடையானால் முதலில் போவது உபரி. ஒரு விமானம் பழுதானால் எடுத்து ஓட்டக் கைவசம் வைத்திருக்கும் விமானம், கூடுதலாக வாங்கி வைக்கும் உதிரி பாகம், அவசரத்துக்குக் காத்திருக்கும் விமானி. இவை போன பிறகு ஒன்றில் சின்னக் கோளாறு வந்தாலும் அன்றைய அட்டவணை முழுவதும் சரிந்துவிடும். விலை குறைந்ததை ஊரே கட்டணப் போர் என்றது. என் கைக்கு அந்தப் போர் குறுஞ்செய்தியாகத்தான் வந்து சேர்ந்தது.

இதைக் கண்ணாலும் பார்த்தேன். விமான நிலையத்தின் ஓரத்தில் சின்ன நிறுவனத்தின் மூன்றாவது விமானம் நின்றது. முதலில் எஞ்சின் வாயைச் சிவப்புத் துணியால் மூடிக் கட்டியிருந்தார்கள். அடுத்த மாதம் இடது பக்கத்து விசிறியைக் காணோம். அதற்கடுத்து எஞ்சினையே காணோம், வெறும் கூடு, அதன்மேல் தார்ப்பாய். டயரில் காற்று இறங்கி ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த ஒருவர், வேறு நிறுவனத்தில் பராமரிப்பு வேலை பார்ப்பவராம், "அதுல கழட்டித்தான் சார் மத்த ரெண்டும் பறக்குது" என்றார். கழற்றி மாற்றுவது முறைப்படி, பதிவேட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டுச் செய்கிற வேலைதான், பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். எனக்குப் பயம் வரவில்லை, வருத்தமாக இருந்தது. அந்த விமானத்தில் நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன்.

போன வருடம் அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. பெரிய விமானத்தில் வெள்ளிக்கு இடம் இருந்தது, விலையும் குறைவு. பழகிய நிறுவனம் என்று இதில் போட்டேன். நாலரைக்குச் செய்தி வந்தது, ஏழு மணிக்கு விமானம் என்று. ஏழுக்கு ஒன்பது ஆனது. ஒன்பதே முக்காலுக்கு ரத்து. கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு என்னை நன்றாகத் தெரியும், பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவர் முன்னால் நின்று கத்திவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, மறுநாள் காலை விமானத்துக்கு டிக்கெட் மாற்றிக் கொடுத்தார். இரண்டு மாதமாக அவர்களுக்குச் சம்பளமே வரவில்லை என்று பிறகு இன்னொரு ஊழியர் சொல்லித் தெரிந்தது. அடுத்த முறை போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா கண்ணில் கட்டோடு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "வந்துட்டியா" என்றார். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

இந்தக் கதை எங்கள் ஊரில் மட்டும் நடப்பதில்லை. ஐரோப்பாவின் பெரிய பிராந்திய நிறுவனங்களில் ஒன்றான ஃபிளைபி 2020 மார்ச்சில் மூடியது, 2022-இல் திரும்பப் பறந்தது, 2023 ஜனவரியில் மறுபடி மூடியது. ஆஸ்திரேலியாவின் ரெக்ஸ் சின்ன ஊர்களுக்கு சாப் 340 புரொப்பெல்லர் விமானங்களை ஓட்டிக்கொண்டிருந்தது. 2021-இல் போயிங் 737 எடுத்துக்கொண்டு சிட்னி, மெல்போர்ன் தடத்தில் பெரியவர்களோடு மோதியது. 2024 ஜூலையில் திவால் நிர்வாகியின் கைக்குப் போனது. 737-கள் உடனே நின்றன, சின்ன ஊர் விமானங்கள் தொடர்ந்து பறந்தன. இந்தியாவில் கேப்டன் கோபிநாத் 2003-இல் ஏடிஆர்களோடு தொடங்கிய ஏர் டெக்கான் மலிவு விலையால் வளர்ந்தது, நஷ்டத்தில் விழுந்தது, 2007-இல் கிங்ஃபிஷர் வசம் போனது. அந்த கிங்ஃபிஷரும் 2012-இல் நின்றது. விலையைக் குறைத்துச் சின்னவர்களை விரட்டிவிட்டுப் பிறகு ஏற்றுகிறது என்று அமெரிக்க அரசே 1999-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மேல் வழக்குப் போட்டது. செலவுக்கும் கீழே விற்றதாக நிரூபணம் ஆகவில்லை என்று நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்துவிட்டன. இதை எந்தக் கோட்டில் வைத்துத் தவறென்று சொல்வது என்பது அவ்வளவு கடினம்.

நானும் மூன்று முறை ஜெட்டில் போனேன். நேரத்துக்கு எடுத்தார்கள், நேரத்துக்கு இறக்கினார்கள், குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் சின்னவன் ஒழிந்த மறுமாதமே இந்த விலை இருக்காது. 180 இருக்கை நிரம்பாவிட்டால் அந்த ஜெட்டை வேறு ஊருக்குத் திருப்பிவிடுவார்கள். அது நடக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நண்பனுக்கு இப்போது சொல்கிறேன். உனக்குத் திங்கட்கிழமை காலை நேர்முகத் தேர்வு. இதில் போடாதே. பாதி விலையைப் பார்க்காதே, அந்த விலைக்குத்தான் அந்தக் குறுஞ்செய்தியும் வருகிறது. மதிப்பெண் கேட்டாய், ஐந்துக்கு இரண்டு. மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இரண்டா என்றால், ஆமாம், இரண்டுதான். திண்ணையில் அப்பா உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வரும்போது ஒன்றுகூட அதிகம் என்று தோன்றுகிறது.

அடுத்த மாதத்துக்கு நான் இரண்டு டிக்கெட் போட்டாயிற்று. முதலாவது சின்ன விமானத்தில், சும்மா வீட்டைப் பார்த்துவிட்டு வர, சக்கரத்துக்குப் பின்னால் இடது ஜன்னல். சலுகை விலையை விட்டுவிட்டு, தேதி மாற்றிக்கொள்ளும் முழுக் கட்டண டிக்கெட்டாகவே வாங்கியிருக்கிறேன். இரண்டாவது, அப்பாவுக்கு அடுத்த கண்ணில் அறுவை சிகிச்சை. அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே ஜெட்டில் போகிறேன்.