புழுதியில் இறுகும் பின்கதவு: எந்த ஸ்பிரே டப்பாவுக்குக் காசு கொடுக்கலாம்?

கண்மாய்க்கரைச் சரளையில் தினமும் ஓடும் ஜீப் வகை வண்டி தார், பொலேரோ, கூர்க்கா, ஜிம்னி என எதுவானாலும் முதலில் மக்கர் பண்ணுவது பின்கதவுதான். குற்றம் வண்டியின் முதுகில் இருக்கிறது. முதுகு சதுரமாக இருப்பதால் ஓடும்போது பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. சக்கரம் கிளப்பும் செம்மண் அங்கேயே சுழன்று, கதவிடுக்கில் ஏறிக்கொள்கிறது. செம்புராங்கல் பூமியின் தூள் வேறு மாவாட்டம் நைசாக இருக்கும். கிரீஸைக் கண்டால் ஒட்டிக்கொண்டு விடாது. கதவு இறுகியதும் "எண்ணெய் காய்ந்துவிட்டது" என்று இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுவார்கள். பெரும்பாலும் நிலைமை நேர் எதிர்: பழைய எண்ணெயும் மண்ணும் சேர்ந்து, இரும்பைத் தேய்க்கும் களிம்பாகிவிட்டது.

காரைக்குடி, தேவகோட்டை கடைகளில் கேட்டால் நான்கு சரக்கைச் சொல்வார்கள்: டபிள்யூடி-40, சிலிகான் ஸ்பிரே, வெள்ளை லித்தியம் கிரீஸ் ஸ்பிரே, கிராஃபைட் பவுடர். நான்கும் நல்ல சரக்குதான். ஒன்று செய்யும் வேலையை இன்னொன்று செய்யாது என்பதுதான் விஷயம்.

டபிள்யூடி-40 கைக்கு முதலில் வரும். நீரை விரட்டித் துருவைத் தடுக்க 1953இல் அமெரிக்காவில் உருவான கலவை இது. இறுகிய போல்ட்டை இளக்கவும், மழையில் நனைந்த லாக்கிலிருந்து ஈரத்தைத் துரத்தவும், பழைய கிரீஸைக் கரைக்கவும் இதற்கு ஈடு கிடையாது. ஆனால் அடித்ததும் கதவு லேசாகிறதே என்று அப்படியே விட்டுவிடக் கூடாது. கரைப்பான் பறந்தபின் மெல்லிய எண்ணெய்ப் படலம் மிஞ்சும். பளு தாங்கும் இடத்தில் அது நீடிக்காது. அதோடு அடுத்த பயணத்துப் புழுதியைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும். சுத்தம் செய்ய வாங்குங்கள், மசகுக்காக வேண்டாம்.

லாக்குக்கு ஏற்றது வெள்ளை லித்தியம் கிரீஸ். ஆனால் அடிப்பதற்கு முன் லாக்கைக் கழுவியாக வேண்டும். இந்த இடத்தில் சோம்பல்பட்டால் டப்பாக் காசு தண்டம். பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் லாக்கின் வாய்க்குள் காற்றடித்து, உலர்ந்த மண்ணை முதலில் வெளியேற்றுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். தூள் நேராக முகத்துக்குத்தான் வரும். பிறகு பிரேக் கிளீனரோ டபிள்யூடி-40யோ குழல் வைத்து உள்ளே அடித்து, பழைய பல்துலக்கியால் தேய்க்க வேண்டும். வழியும் திரவம் சிவப்பாக வந்துகொண்டிருக்கும்வரை நிறுத்தாதீர்கள்; அது நிறம் மாறித் தெளிந்தால்தான் முடிந்தது. பிரேக் கிளீனர் பெயிண்ட்டையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும், எளிதில் தீப்பிடிக்கும். கீழே துணி கட்டிக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பெட்ரோலைப் பஞ்சில் நனைத்துத் துடைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

காய்ந்ததும் ஒரு சோதனை. கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, லாக்கின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் உள்ளே தள்ளுங்கள். 'டிக், டிக்' என்று இரண்டு சத்தம் வர வேண்டும். முதல் சத்தம் அரைப்பூட்டு, இரண்டாவது முழுப்பூட்டு. ஒன்றோடு நின்றால் உள்ளே இன்னும் மண் இருக்கிறது, அல்லது ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. இப்போது கைப்பிடியை இழுத்தால் நாக்கு துள்ளி வெளியே வர வேண்டும். இதை மறந்து, நாக்கு பூட்டிய நிலையிலேயே கதவை ஓங்கி அடைத்தால் லாக்கும், அதன் நாக்கு கவ்விப்பிடிக்கும் ஸ்ட்ரைக்கர் கொக்கியும் மோதி வளையும். சோதனையில் தேறியபின் லித்தியம் கிரீஸ் ஒரு சின்ன அடி. நாக்கை நாலைந்து தரம் இயக்கி, மேலே தெரியும் மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். வெளியே தெரிகிற கிரீஸ் எல்லாம் புழுதிக்குத் தீனி.

சிலிகான் ஸ்பிரேயின் இடம் கதவிடுக்கை அடைக்கும் பீடிங் ரப்பர். காய்ந்த பீடிங் கதவோடு ஒட்டி, திறக்கும்போது 'சர்' என்று பிரியும். அதையே லாக் கோளாறு என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த ரப்பர் பெரும்பாலும் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் வகை. டீசல், மண்ணெண்ணெய், கிரீஸ் பட்டால் ஊதிவிடும். ஊதிய பீடிங் கதவை முழுதாக அடைய விடாது. சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவைத்து, சிலிகானைத் துணியில் அடித்துத் தடவுங்கள். நேரடியாக அடித்தால் கண்ணாடியில் படிந்து மங்கும். டச்சப் பெயிண்ட் அடிக்கும் உத்தேசம் இருந்தால் அந்த வேலை முடியும்வரை சிலிகானைத் தொடாதீர்கள். பெயிண்ட் பிடிக்காமல் குழி குழியாக விலகும்.

கிராஃபைட் பவுடர் சாவித் துவாரத்துக்கு மட்டும். ஒரு சிட்டிகை போதும், எண்ணெயோடு கலக்கக் கூடாது.

இவ்வளவும் செய்தும் கதவு இறுகுகிறதா? அப்படியானால் எந்த டப்பாவும் உதவாது. பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியின் கனம் கிட்டத்தட்ட 20 கிலோ, சில வண்டிகளில் அதற்கும் மேல். மேடுபள்ளத்தில் அது குலுங்கக் குலுங்கக் கீல் ஊசி தேய்ந்து கதவு கீழே சாயும். கதவைப் பாதி திறந்து, கீலுக்கு எதிர்முனையைக் கையால் தூக்கிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் கீலில்தான் கோளாறு. ஸ்ட்ரைக்கரின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருப்பதும் அதே அடையாளம். ஆட்டம் சிறிதானால் ஸ்ட்ரைக்கரை நகர்த்திச் சமாளிக்கலாம். மார்க்கரால் சுற்றிக் கோடு போட்டு, போல்ட்டைக் கழற்றாமல் தளர்த்தி, ஒரு மில்லிமீட்டர் நகர்த்தி, இறுக்கி, அடைத்துப் பார்க்க வேண்டும். ஒரே மூச்சில் அதிகம் நகர்த்தினால் பீடிங் அழுந்தாமல் இடைவெளி விழும். புழுதி முன்னைவிட வேகமாக உள்ளே வரும். காகிதத் துண்டை வைத்துக் கதவை அடைத்து இழுங்கள். நாலு பக்கமும் ஒரே மாதிரி இறுக்கம் தெரிந்தால் சரி. ஊசி நன்றாகவே தேய்ந்திருந்தால் கீலை மாற்றுவதுதான் வழி. கதவைக் கழற்றுமுன் ஸ்டெப்னியை இறக்கிவிட வேண்டும், ஆள் இருவர் வேண்டும்.

கதவு திறக்கவே மாட்டேன் என்றால் சுத்தியலை எடுக்காதீர்கள். கதவின் உட்பக்க மூடியான டிரிம்மைக் கழற்றினால் கைப்பிடியிலிருந்து லாக்குக்குப் போகும் ராடு தெரியும். அதைக் கையால் இழுத்தால் திறந்துவிடும். ராடு முனையிலுள்ள பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருப்பது சாதாரணம். சின்ன உருப்படி, அதை மட்டும் கேட்டு வாங்கலாம். முழு லாக்கையும் தலையில் கட்டப் பார்த்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வாங்க வேண்டிய வரிசை என்று கேட்டால் லித்தியம் கிரீஸும் சிலிகானும் சின்ன டப்பா ஒவ்வொன்று. டபிள்யூடி-40 வீட்டில் ஏற்கெனவே இருக்கும். குழல் இல்லாத டப்பா எவ்வளவு மலிவானாலும் வேண்டாம், லாக்கின் உள்ளே போய்ச் சேராது. வாட்டர் வாஷில் லாக்கைக் குறிவைத்து அடிக்க வேண்டாமென்று சொல்லிவையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் கதவின் அடிவிளிம்பிலுள்ள வடிகால் துளைகளை ஒரு கம்பியால் குத்தி விடுங்கள். செம்மண் அடைத்திருந்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கி, தகட்டை உள்ளிருந்து அரிக்கும்.