பிடியரிசிப் பெட்டி: பயன்படுத்திப் பார்த்தபின் ஒரு மதிப்புரை

ஆலயத்தில் சென்ற அறுப்பின் பண்டிகையின்போது (அறுவடைக்கு நன்றி சொல்லும் விழா) எங்கள் சேகரத்துப் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதி) பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வீட்டுக்கு ஒன்றாக வழங்கிய பனையோலைப் பெட்டியை அன்று முதல் எங்கள் சமையலறையில் வைத்துப் பயன்படுத்தி வருகிறோம். பிற சபையார் விலைக்கும் வாங்கிக்கொள்ளலாம் என்று இப்போது அறிவித்திருக்கிறார்கள். சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஒதுக்கிவைத்து ஆலயத்துக்குக் கொடுக்கும் பிடியரிசிக் காணிக்கையைத் தங்கள் சபையிலும் தொடங்க எண்ணுகிறவர்களுக்கு உதவக்கூடும் என்பதால், இதன் நிறைகுறைகளை எழுதுகிறேன்.

மூடியுடன் கூடிய இந்தப் பெட்டி சுமார் 3 கிலோ அரிசி கொள்ளும். இரட்டை ஓலையில் நெருக்கமாக முடைந்து, விளிம்பை ஈர்க்கு வைத்துக் கட்டியிருப்பதால் நிறைத்துத் தூக்கினாலும் உருக்குலைவதில்லை. குறை மூடியில்தான் இருக்கிறது. நாளுக்கு இருமுறை திறந்து மூடுவதால் சில மாதங்களிலேயே அது தளர்ந்துவிடுகிறது, அந்த இடைவெளி வழியாக எறும்பு நுழைகிறது. மழைக்காலத்தில் ஓலையில் பூஞ்சை படர்வதும் உண்டு. பெட்டியைக் காலி செய்யும் நாளில் ஒரு பொழுது வெயிலில் காயவைத்து, அடியில் காய்ந்த வேப்பிலையும் ஒரு துண்டு வசம்பும் போட்டுவைத்தால் வண்டு அண்டுவதில்லை. தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது.

பெட்டியோடு தந்த துண்டுத்தாளில் இதனை வீட்டின் ஜெப இடத்தில் வைக்கும்படி அச்சிட்டிருந்தார்கள். அந்த யோசனையை நான் ஏற்கவில்லை. முன்னறையில் வேதாகமத்தின் அருகே வைத்த வீடுகளில் அது வாரக்கணக்கில் மறந்துபோனதைப் பார்த்தேன். அரிசிப் பானைக்குப் பக்கத்தில், உழக்கு இருக்கும் இடத்திலேயே இருந்தால்தான் கை தானாக அங்கே போகும்.

பயன்படுத்தும் முறை எளிது. உலையில் போட அரிசியை அளந்ததும், களைவதற்கு முன், அளந்த அரிசியிலிருந்தே ஒரு பிடியை எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். எங்கள் வீட்டில் இதைப் பெரும்பாலும் என் மாமியார் செய்கிறார். மூன்று உழக்கு அரிசியை முறத்தில் கொட்டி, கல் பார்த்து, வலது கையால் நிறைய ஒரு பிடி அள்ளிப் பெட்டியில் போட்டுவிட்டு, கையில் ஒட்டிய இரண்டு அரிசியையும் தட்டிவிடுவார். எடுத்த பிடிக்கு ஈடாகப் பானையிலிருந்து மீண்டும் அரிசி எடுத்து முறத்தை நிரப்பக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. முதலில் இதை நான் பெரிதாக எண்ணவில்லை. பின்னர்தான் பிடியரிசியின் பொருளே அந்தக் கண்டிப்பில் அடங்கியிருக்கிறது என்று உணர்ந்தேன். திரும்ப நிரப்பினால் கிடங்கிலிருந்து கொடுக்கிறோம், நிரப்பாவிட்டால் நம் தட்டிலிருந்து கொடுக்கிறோம். வேதாகமத்தில் வரும் சாறிபாத் ஊர் விதவை எலியா தீர்க்கதரிசிக்குப் பகிர்ந்ததும் பானையில் எஞ்சியிருந்த ஒரு பிடி மாவைத்தான்.

கணக்குப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது. ஒரு பிடி அரிசி ஏறத்தாழ 50 கிராம். நாளுக்கு இருமுறை உலை வைத்தாலும் மாதத்துக்கு 3 கிலோதான் சேரும், அதன் விலையோ சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். அந்தத் தொகையை மாதத்தின் முதல் நாளில் கைப்பேசி வழியாக ஆலயக் கணக்குக்கு அனுப்பிவிட்டால் வண்டும் இல்லை, பூஞ்சையும் இல்லை, அரிசி சுமக்கும் வேலையும் இல்லை. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தை நாங்களும் அப்படித்தான் செலுத்துகிறோம். ஆனால், மாதம் ஒருமுறை தானாகக் கழிந்துவிடும் தொகை, கொடுப்பவரின் மனத்தைத் தொடாமலேயே போய்விடுகிறது. பெட்டியோ நாள்தோறும் அடுப்படியில் நின்று பசியுள்ள இன்னொருவரை நினைக்கச் சொல்கிறது. எங்கள் சிறுவன் பள்ளிக்குப் புறப்படும் அவசரத்திலும் தன் சின்னக் கையால் ஒரு பிடி போட்டுவிட்டுப் போகிறான். கொடுப்பதை எந்தப் பிரசங்கத்திலிருந்தும் அவன் இவ்வளவு எளிதாகக் கற்றிருக்க மாட்டான்.

இவ்வழக்கம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையே சான்று. அங்கே ‘புஃபாய் தாம்’ என்ற பெயரில் 1910இல் தொடங்கிய பிடியரிசிக் காணிக்கை இன்றளவும் தொடர்கிறது. கையில் காசு புழங்காத மலையகத்துக் குடும்பங்கள் ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒதுக்கிய அரிசியைச் சேர்த்து விற்று, சபை தன் பணிகளுக்குப் பணம் திரட்டியது. இப்போதும் அச்சபையின் வருமானத்தில் அதற்குக் குறிப்பிடத்தக்க பங்கு உண்டு. நம் திருநெல்வேலிச் சீமையிலும் 1903இல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் இந்தியர் கொடுக்கும் பணத்தால், இந்திய ஊழியர்களைக் கொண்டே பணி நடக்க வேண்டும் என்று அதை நிறுவியவர்களுள் ஒருவரான அசரியா முதலானோர் உறுதிகொண்டார்கள். செல்வர்களின் நன்கொடையை மட்டும் நம்பி அப்படியொரு உறுதியை எடுத்திருக்க முடியாது.

எந்த அரிசியைப் போடுவது என்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரேஷன் கடையில் 2011 முதல் அரிசி விலையில்லாமல் கிடைப்பதால், தாங்கள் பொன்னி அரிசி உண்டுகொண்டு பெட்டியில் ரேஷன் அரிசியைப் போடுகிற வீடுகள் உண்டு. ரேஷன் அரிசியையே உண்ணும் குடும்பம் அதில் ஒரு பிடி கொடுப்பது முழுமையான காணிக்கை, அதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. தான் உண்ணாததை ஒதுக்கிக் கொடுப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. விளைச்சலின் முதல் பங்காகிய முதற்பலனால் கர்த்தரைக் கனம்பண்ணச் சொல்கிற வேதத்தை வாசிக்கிறவர்கள், தங்கள் உலையில் எது கொதிக்கிறதோ அதையே கொடுக்க வேண்டும். மேலும், பல வகை அரிசி கலந்துவிட்டால் ஒன்று குழைய, மற்றொன்று வேகாமல் நிற்கும். அதைச் சமைத்துச் சாப்பிடப்போகிறவர்கள் மனிதர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. புழுங்கலையும் பச்சரிசியையும் தனித்தனிச் சாக்கில் கொட்டும் ஏற்பாட்டையாவது சபைகள் செய்ய வேண்டும்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறன்று பெட்டிகளைக் கொண்டுவந்து கொட்டுகிறோம். ஊரில் துணையின்றி வாழும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும், அவர்கள் எந்தச் சமயத்தினராயினும், முதலில் பங்கு போகிறது. மீதியை ஆராதனைக்குப்பின் ஏலம் விட்டு மருத்துவ உதவி நிதியில் சேர்க்கிறார்கள். பகிர்ந்தளிக்கும் வேலையைச் சங்கத்துப் பெண்கள் இருவர் இருவராகச் சென்று, வீட்டுக்குள் அமர்ந்து நலம் விசாரித்துச் செய்கிறார்கள். இந்தச் சேவையில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

மனம் ஒப்பாத ஒன்றும் உண்டு. யார் வீட்டுப் பெட்டியில் எத்தனை படி இருந்தது என்று அளந்து, பெயரோடு எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டும் பழக்கம் அண்மையில் தொடங்கியிருக்கிறது. இரண்டு பேர் மட்டுமே உள்ள வீடும் எட்டுப் பேர் உள்ள வீடும் ஒரே பட்டியலில் நிற்கும்போது, சிறிய குடும்பத்தார் வெட்கப்பட்டுக் கடையில் அரிசி வாங்கிப் பெட்டியை நிறைக்கிறார்கள். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்ற இயேசுவின் மலைப்பிரசங்கத்தை அறிந்த சபையில் இந்தப் பட்டியல் கூடாது. சாக்கில் கொட்டியபின் மொத்த எடையை மட்டும் அறிவித்தால் போதுமானது.

ஆக, பெட்டியை வாங்கலாம். நாள்தோறும் சோறு வடிக்கும் வீட்டுக்கு இது பொருத்தமானது. தனியே வசிப்போருக்கும் வாரத்தில் சில நாள் மட்டும் சமைப்போருக்கும் இதன் அளவு பெரிது, அவர்களுக்கு 1 கிலோ கொள்ளும் சிறிய பெட்டியையும் சங்கத்தார் முடையச் சொல்ல வேண்டும். அடுத்த முறை மூடியின் விளிம்புக்கும் ஈர்க்கு வைத்துக் கட்டச் சொன்னால், பனைத்தொழிலாளருக்குக் கூலி சற்றுக் கூடினாலும் பெட்டி இன்னும் பல ஆண்டு உழைக்கும். அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்க எங்கள் வீட்டில் அனைவருக்கும் சம்மதம்.