கொழிஞ்சாம்பாறை ஆங்கில வகுப்பு: பாடம் அருமை, படிவம் சரியில்லை

இரண்டு மாதமாக மகளைக் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையில் ஒரு மாலைநேர ஆங்கில வகுப்புக்கு அனுப்புகிறேன். மாதம் 600 ரூபாய். ஆசிரியை தங்கமானவர். வாய் திறக்காத பிள்ளையிடம், "முதலில் தமிழில் சொல், கண்ணு" என்று கேட்டு, அதையே ஆங்கிலத்தில் சொல்ல வைக்கிறார்.

சேர்க்கைப் படிவம்தான் மனதைச் சுட்டது. 'மொழிக் குறைபாடுள்ள மாணவர்' என்ற கட்டத்தில் என் மகளுக்கு டிக் போட்டிருந்தார்கள். வீட்டில் தமிழ், விளையாட்டில் மலையாளம் என்று பேசும் எட்டு வயதுக் குழந்தைக்கு என்ன குறைபாடு? அமெரிக்கப் பள்ளிக் கல்விச் சட்டமே 'ஆங்கிலத் திறன் குறைந்தவர்' என்பதை 2015இல் கைவிட்டு, 'ஆங்கிலம் கற்பவர்' என்று மாற்றிக்கொண்டது. இங்கிலாந்துப் பள்ளிகளில் 'கூடுதல் மொழியாக ஆங்கிலம்' என்கிறார்கள். கூடுதல்! அந்தச் சொல்லில் பிள்ளையின் தாய்மொழிக்கும் இடம் இருக்கிறது.

வகுப்புக்குத் தயங்காமல் அனுப்பலாம். சேர்க்கும்போது அந்தக் கட்டத்தை மட்டும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்; நான் அப்படித்தான் செய்தேன்.