அப்பாவின் காரைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்றார்

மதுராந்தகத்துக்குச் சற்று முன்னால், பெட்ரோல் பங்குக்குள் நுழைவதற்காக ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுவதுமாக ஒடித்தேன். ஆள் நடக்கும் வேகம்தான். டப்பென்று ஒரு சத்தம். காரின் முன்மூக்கு ஒரு பக்கமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால், இடது முன்சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மல்லாக்கப் படுத்திருக்கிறது. பட்டறையிலிருந்து அந்தக் காரை எடுத்து 40 நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. அங்கே 19 மாதம் கிடந்த கார். வேலைக்கு மட்டும் நான் கொடுத்தது 4,80,000 ரூபாய். பங்குப் பையன் ஓடி வந்து, "ஐயா, பழைய வண்டியா?" என்று கேட்டான். "புதுப்பித்த வண்டி" என்றேன். அவன் சிரிக்கவில்லை, நல்ல பையன்.

இதை அப்பாவின் பழைய கார் என்று எனக்கு விற்ற தரகர் பெயரையோ, அதைப் புதுப்பித்த பட்டறையின் பெயரையோ எழுதப்போவதில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. வக்கீலும் வேண்டாம் என்கிறார். பெயர் தெரிந்து உங்களுக்கு ஆகப்போவதும் அதிகமில்லை. இந்தத் தொழிலைச் செய்ய வேறு பெயரில் வேறு ஊரில் ஒருவர் இருப்பார். எப்படிச் செய்தார்கள் என்பதைத்தான் சொல்ல வேண்டும். அதில் என் பங்கும் உண்டு.

அப்பா திண்டிவனத்தில் மருத்துவர். 1969-இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 வாங்கினார். வெளிர் பச்சை, நான்கு கதவு. சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் ராத்திரி நேரத்தில் போய்வந்த கார். 1984-இல் விற்றார். விற்ற அன்று எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா காலமான பிறகுதான் அந்தக் காரைத் தேட வேண்டும் என்ற பைத்தியம் எனக்குப் பிடித்தது.

இளையவர்களுக்காக ஒரு வார்த்தை. ஹெரால்டு பிறப்பால் ஆங்கிலேயன். 1959-இல் கோவென்ட்ரியில் டிரையம்ஃப் ஹெரால்டு என்று வெளிவந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. 1961 முதல் இங்கே வண்டலூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில், 948 சிசி என்ஜினோடு வந்தது. பிரிட்டனில் அதற்குக் கடைசிவரை இரண்டே கதவுதான். பின்கதவு இரண்டும் மெட்ராஸ் போட்ட சீர்.

இந்தக் காரின் உடம்பு கட்டப்பட்ட விதம் அலாதியானது. மற்ற கார்களெல்லாம் ஒற்றைக் கூடாக மாறிக்கொண்டிருந்த காலத்தில் ஹெரால்டு தனிச் சேஸிஸோடு, அதாவது உடலுக்கு அடியில் தனி இரும்புச் சட்டத்தோடு வந்தது. உடல் தகடுகளைச் செய்துகொடுத்த நிறுவனம் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. கைக்குப் போய்விட்டதால், துண்டு துண்டாகச் செய்து சேஸிஸின்மேல் போல்ட் போட்டு முடுக்கும்படி வடிவமைத்தார்கள். மட்கார்டு, விளக்கு, பானெட் எல்லாமாகச் சேர்ந்த முழு முன்மூக்கும் முன்பக்கமாகத் திறந்து சாயும். எங்கள் டிரைவர் முன்டயர்மேல் உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டே கார்புரேட்டரைக் கழற்றுவார். சின்ன வயதில் அதைப் பார்த்து வியந்தவன் நான். அந்த வசதிதான் இப்போது எனக்கு வினையாக வந்தது. ஒரு காரின் முன்மூக்கு, இன்னொன்றின் கூடு, மூன்றாவதன் அடிப்பாகம். ஒன்றாக முடுக்க ஸ்பானர் செட் இருந்தால் போதும்.

தேடத் தொடங்கியபோது அப்பாவின் கார் எண்ணையும், வீட்டு வாசலில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தையும் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். இரண்டு வருடம் கழித்து இந்தத் தரகர் பேசினார். பணிவான குரல். "சார், நம்பரை மட்டும் வைத்துத் தேட முடியாது. போர்டு மாறியிருக்கும், பெயின்ட் மாறியிருக்கும். அப்பா கார் என்பதற்கு வேறு அடையாளம் இருந்தால் சொல்லுங்கள், நான் பார்த்ததும் தெரிந்துகொள்வேன்" என்றார். எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். உட்கார்ந்து யோசித்து யோசித்துச் சொன்னேன். பேட்டரித் தட்டை ஆசிட் அரித்து ஓட்டையாகி, திண்டிவனத்தில் பாத்திரம் அடைப்பவரிடம் கொடுத்து அப்பா செம்புத் தகடு வைத்து ஈயம் ஊற்றியிருந்தார். முன்பக்க வலது கதவின் உள்கைப்பிடி வேறு காரிலிருந்து போட்டது. டேஷ்போர்டில் இடது ஓரமாக, பிள்ளையார் ஒட்டியிருந்த இடத்தில் ஒரு வட்டக் கறை. எல்லாவற்றையும் அவர் எழுதிக்கொண்டார்.

மூன்று வாரத்தில் படம் வந்தது. ஒரு மாந்தோப்புக் கொட்டகையில் துருவேறிய ஹெரால்டு. நான்கு கதவு. வட்டக் கறை இருந்தது. பேட்டரித் தட்டில் செம்புத் தகடு இருந்தது. அந்தப் படத்தை நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து அழுதேன். தகடு பளபளவென்று மின்னியது. 50 வருடமாக ஆசிட்டோடு குடித்தனம் செய்த செம்பு களிம்பேறிப் பச்சையாகியிருக்க வேண்டாமா? வீட்டில் தீபாவளிக்குத் தேய்த்த சொம்பே பொங்கலுக்குள் கறுத்துவிடுகிறது. அன்றைக்கு அது என் புத்தியில் உறைக்கவில்லை. நான் சொன்ன காரை அவர் தேடவில்லை, தயார் செய்திருக்கிறார்.

கார் விலை 1,90,000. ஆர்.சி. புத்தகம் கை மாறியதில் தொலைந்துவிட்டதாம், நகல் எடுத்துத் தருவாராம். அதோடு ஒரு தூண்டிலும் போட்டார். 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் தனி விதி வந்திருக்கிறது, 20,000 ரூபாய் கட்டினால் 'விஏ' வரிசையில் பதிவு எண் கிடைக்கும் என்றார். விதி உண்மை. அவர் சொல்லாமல் விட்டது மீதியை. அந்தப் பதிவுக்குச் சேஸிஸ், உடற்கூடு, என்ஜின் ஆகியவை பெரிதாக மாற்றப்படாமல் மூல வடிவத்தில் இருக்க வேண்டும். ஏற்கெனவே இந்தியாவில் பதிவான வண்டி என்றால் பழைய ஆர்.சி.யும் வேண்டும். பதிவு கிடைத்தாலும் கண்காட்சி, பழங்கார் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். காய்கறி வாங்கப் போக முடியாது. நான் அந்த விதியைத் தேடிப் படித்தது பணம் கொடுத்து ஒன்றரை வருடம் கழித்து.

பட்டறையையும் அவரே கைகாட்டினார். அங்கே நடந்ததை நீட்டி எழுத மனமில்லை. மாதம் ஒரு முறை கைப்பேசியில் படம் வரும், கூடவே பணம் கேட்டுச் செய்தியும் வரும். சிவப்பு ஆக்சைடு அடித்த சேஸிஸ் என்று வந்த இரண்டு படங்கள் வேறு வேறு கார்களுடையவை; ஒன்றில் தரை சிமென்ட், இன்னொன்றில் மண். கேட்டதற்கு, இடம் மாற்றி வைத்தோம் சார் என்றார்கள். நேரில் போகிறேன் என்றால் அந்த வாரம் யாராவது இறந்துவிடுவார்கள். 19 மாதத்தில் நான் நேரில் பார்த்தது மூன்றே முறை. உடலைச் சேஸிஸிலிருந்து தூக்கிய நாளில் மட்டும் போய் நின்றிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது.

உடைந்த காரைப் பல்லாவரத்தில் ஒரு பெரியவரிடம் லாரியில் ஏற்றிக் கொண்டுபோனேன். ஹெரால்டும் அம்பாசிடருமாக 40 வருடம் பார்த்தவர். முதலில் உடைந்த சக்கரத்தைக் கழற்றினார். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்பின் கீழ்நுனியில் மரை இருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும், டிரன்னியன் என்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. அதற்குக் கிரீஸ் ஆகாது, 90 எண் கியர் ஆயில்தான் செலுத்த வேண்டும். எண்ணெய் போகாவிட்டால் உள்ளே தண்ணீர் நின்று, துருப்பிடித்து, இறுகி, ஒருநாள் வளைவில் முறியும். எங்கள் காரில் பழைய கிரீஸ் கல்லாகியிருந்தது. அதன்மேலேயே பளபளவென்று கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். புதிய டிரன்னியன் இரண்டுக்கு என்று பில்லில் 11,000 போட்டிருந்தது. "நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது முறிந்திருந்தால் என்னவாகியிருக்கும் தம்பி?" என்றார் பெரியவர். எனக்கு 61 வயது. அவருக்கு நான் தம்பிதான்.

பிறகு அடியில் படுத்து, சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளை ஸ்க்ரூ டிரைவரால் தட்டிக்கொண்டே போனார். உடலைத் தாங்குவது அந்தக் கைகள்தான். ஹெரால்டில் முதலில் துருப்பிடிப்பதும் அவைதான். ஓரிடத்தில் சத்தம் மாறியது. குத்தினார். ஸ்க்ரூ டிரைவர் பிடிவரைக்கும் உள்ளே போனது. நெம்பினார். தார்ப் பெயின்ட், அதற்குள் பட்டி, அதற்குள் ஃபைபர், அதற்குள் கசக்கித் திணித்த நாளிதழ். பிரித்துப் பார்த்தேன். ஆடித் தள்ளுபடி விளம்பரம், போன வருடத்தது. புது இரும்பு வெட்டி வெல்டு வைத்தோம் என்று 70,000 வாங்கிய அதே மாதம். வேலை நடக்கும்போது அன்றைய நாளிதழைக் காரின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று ஒரு முறை நான் கேட்டிருந்தேன். உள்ளேயே வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடல்மேல் நகர்த்திப் பார்த்தோம். பின்மட்கார்டுகளில் பாதி இடத்தில் ஒட்டவே இல்லை. எல்லாம் பட்டி.

கடைசியாகப் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார். தூக்கிவிட்டு, குனிந்து, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "முட்டி தட்டவில்லையே" என்றார். எனக்குப் புரியவில்லை. ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் அச்சில் இருப்பவை, குறுக்குப் பட்டை வில்லில் தொங்குபவை. பின்பக்கத்தைத் தூக்கினால் சக்கரங்கள் இரண்டும் கீழ்ப்பக்கம் உள்வாங்கி, முட்டி தட்டும் காலைப்போல் நிற்கும். இந்தக் காரில் இரண்டும் சிப்பாய் மாதிரி நேராக நின்றன. "இது கெஸலின் அச்சு" என்றார். ஸ்டாண்டர்டு கெஸல் 1972 முதல் 1977 வரை வந்தது. அதே 948 சிசி என்ஜின், ஆனால் பின்னால் ஒற்றை உறுதியான அச்சு. அப்பாவின் கார் 1969. "விற்ற பிறகு யாராவது மாற்றியிருக்கலாம், அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது" என்றும் நியாயமாகச் சொன்னார். நான் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

அதை அறுத்தது என் அக்கா. திருச்சியிலிருந்து வந்தவள் நேராகப் பின்கதவைத் திறந்து, கண்ணாடி இறங்கும் இடத்துக்குக் கீழே உள்விளிம்பில் விரலை விட்டுத் தடவினாள். இரண்டு பக்கமும் தடவினாள். "இது நம் கார் இல்லை" என்றாள். எட்டாம் வகுப்பில் படிக்கும்போது காம்பஸ் முனையால் அங்கே தன் பெயரின் முதல் எழுத்தைக் கீறியிருக்கிறாள். பெயின்ட்டில் மறைந்திருக்கும் என்றேன். "இரும்பில் பள்ளம் விழுகிற மாதிரி கீறினேன். அப்பா ஒருநாள் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். எனக்குத் தெரியும், இல்லை" என்றாள். இதை நீ சொன்னதே இல்லையே என்றேன். "நீ என்னைக் கேட்டாயா? தரகரிடம் உட்கார்ந்து அத்தனையும் சொன்னாய்" என்றாள்.

அவளேதான் அப்பாவின் இரும்புப் பெட்டியைக் குடைந்து 1978-ஆம் வருடத்து இன்சூரன்ஸ் தாளை எடுத்துவந்தாள். அதில் சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் தட்டச்சில் இருந்தன. காரிலிருந்த தகட்டோடு எதுவும் ஒத்துப்போகவில்லை. தகட்டைப் பிடித்திருந்த ரிவெட்டுகளோ புத்தம் புதியவை. அந்த எண்களை மட்டும் நான் தரகரிடம் சொல்லியிருக்கவில்லை, எனக்கே தெரியாது என்பதால். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நான்கு நடை நடந்து பழைய பதிவேட்டைப் பார்க்க வைத்தேன். அப்பாவின் எண்ணுக்கு நேரே ஒரு வரி. 1993-இல் உடைப்புக்குப் போய்ப் பதிவு ரத்து.

அந்த நான்கு நடையையும் முன்பணம் கொடுப்பதற்கு முன் நடந்திருக்க வேண்டும். நீங்களாவது நடங்கள். பழைய கார் ஒன்றைத் தேடுகிறீர்கள் என்றால், உங்களிடம் இருக்கும் அடையாளங்களில் முக்கியமானதைத் தரகரிடம் சொல்லாதீர்கள். அவர் வாயிலிருந்து அது வரட்டும். வீட்டில் மற்றவர்களைக் கேளுங்கள். ஆர்.சி. கையில் வரும்வரை முன்பணத்துக்கு மேல் ஒரு ரூபாயும் தராதீர்கள். கழற்றிய பழைய பாகம் ஒவ்வொன்றையும் திருப்பிக் கேளுங்கள்; திருப்பித் தர அவர்களிடம் பாகம் இல்லை என்றால் எதையும் மாற்றவில்லை என்று அர்த்தம்.

காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன். பட்டறைமேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தனி வழக்கு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. 2 வருடத்துக்குள் போட வேண்டும், போட்டுவிட்டேன். சங்கடம் என்னவென்றால், வங்கி வழியாகப் போனது 2,60,000 மட்டுமே. மீதி ரொக்கம். ரொக்கமாகக் கொடுத்தால் ஜி.எஸ்.டி. மிச்சம் என்று சொன்னபோது சந்தோஷமாகத் தலையாட்டியவன் நான்தான்.

கார் பல்லாவரத்திலேயே நிற்கிறது. வழக்கு முடிந்ததும் அடிப்பாகத்தைச் சரிசெய்து ஓட வைத்துவிடலாம் என்கிறார் பெரியவர். யாருடைய காரோ, அதற்கும் ஒரு குடும்பம் இருந்திருக்கும் அல்லவா என்கிறார். பார்க்கலாம். வக்கீல் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துக்கொண்ட பிறகு, அப்பாவின் எண் எழுதிய போர்டை மட்டும் முன்னும் பின்னும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.