ஜிஞ்சர்பிரெட் வீட்டுப் பெட்டி: சுவர் பரவாயில்லை, சாந்துதான் சரியில்லை

நவம்பர் பிறந்ததும் டொராண்டோவிலும் லண்டனிலும் சூப்பர் மார்க்கெட் வாசலிலேயே, சுக்கு மணக்கும் கெட்டி பிஸ்கட்டான ஜிஞ்சர்பிரெட்டில் கிறிஸ்துமஸுக்குக் குட்டி வீடு கட்டும் இந்தப் பெட்டிகளை அடுக்கிவிடுவார்கள். மேலே பனி மூடிய கூரையும் மிட்டாய் பதித்த சுவருமாக ஒரு வீட்டின் படம். உள்ளே முன்பே சுட்ட ஆறு ஜிஞ்சர்பிரெட் பலகைகள், ஒட்டவும் அலங்கரிக்கவும் சர்க்கரைக் குழம்பான ஐசிங் பாக்கெட், அதைப் பிழிய மெல்லிய பிளாஸ்டிக் பைப்பிங் பை, இரண்டு மூன்று வகை மிட்டாய், சுவரை நிறுத்தப் பள்ளம் வைத்த ஒரு பிளாஸ்டிக் தட்டு. கம்பெனி பெயரும் படமும் மாறுமே தவிர, உள்ளே இருப்பது கிட்டத்தட்ட இதேதான். ஆகவே இது ஒரு கம்பெனிக்கான மதிப்புரை அல்ல, இந்த வகைப் பெட்டிக்கானது. தீர்ப்பு இதுதான்: சுவருக்காக வாங்கலாம், ஐசிங்கை நம்பி வாங்காதீர்கள்.

முதலில் பலகைகள். கல் மாதிரி இருக்கின்றன, சுக்கு வாசனை பேருக்குத்தான் என்று பலரும் குறைப்படுவது உண்டு. தின்பதற்கென்றால் அது நியாயமான குறை. சுவருக்கோ அந்தக் கெட்டித்தன்மைதான் தேவை. உண்மையான சிக்கல் வேறு: பலகைகள் லேசாக வளைந்திருக்கும், ஓரங்கள் நேராக இருக்காது. ஐசிங் தொடும் முன் நான்கு சுவரையும் வெறுமனே சேர்த்து நிறுத்திப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் ஜாதிக்காய் துருவும் சிறு துருவியால் ஓரத்தை மெல்லத் தேய்த்து நேராக்கலாம். கத்தி வைத்தால் விண்டுபோகும். உடைந்த பலகை வந்தாலும் வீட்டைக் கைவிட வேண்டியதில்லை. பின்பக்கமாகத் திருப்பிப் போட்டு, விரிசலில் கெட்டி ஐசிங்கைத் தடவி, மேலே ஒரு பிஸ்கட் துண்டை வைத்துப் பூசி, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். கடையிலேயே பெட்டியை லேசாகச் சாய்த்துப் பார்ப்பது நல்லது. சில்லு உருளும் சத்தம் கேட்டால் அடுத்த பெட்டியை எடுங்கள்.

பிரித்து நாளாகி நமத்துப்போன பலகையை 120 டிகிரி செல்சியஸ் ஓவனில் 15 முதல் 20 நிமிடம் வைத்து, சமமான கம்பித் தட்டில் ஆறவிட்டால் மறுபடி விறைக்கும். சூடாக இருக்கும்போது தொட்டால் மென்மையாகத்தான் இருக்கும். ஆறினால்தான் உண்மை தெரியும்.

இனி ஐசிங். பெட்டி வீடுகள் சரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தயார் நிலையில் பையில் வரும் ஐசிங் மாதக்கணக்கில் இளக்கமாக இருக்கவேண்டும் என்று செய்யப்பட்டது. வெளியே வந்ததும் சட்டென இறுக மறுத்தால் அதில் வியப்பில்லை. மேலே தோல் கட்டும், உள்ளே பசையாகவே கிடக்கும், கூரை ஏறியதும் வழுக்கும். தூளாக வரும் கலவை இதைவிடத் தேவலாம். ஆனால் அதிலும் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றக் கூடாது. அட்டையில் சொன்ன அளவில் முக்கால் பங்கை ஊற்றி அடித்துப் பார்த்து, மீதியை அரை டீஸ்பூனாகச் சேர்க்க வேண்டும். அளவும் போதாது. சுவரையும் கூரையையும் ஒட்டி முடிக்கும்போதே பை காலி. அலங்காரத்துக்கு என்ன செய்வது? கூடவே வரும் மெல்லிய பிளாஸ்டிக் பையும் கெட்டி ஐசிங்கை வைத்து அழுத்தினால் தையலோரம் பிய்ந்துகொள்கிறது. தடிமனான ஜிப் பையின் ஒரு மூலையை 4 மில்லிமீட்டருக்கு வெட்டிக்கொண்டால் வேலை நடக்கும்.

வீட்டில் செய்யும் ராயல் ஐசிங்குக்குச் செலவும் குறைவு, பிடிப்பும் அதிகம். ஐசிங் சுகர் 450 கிராம், மெரிங் பவுடர் (உலர்த்திய வெள்ளைக்கரு சேர்ந்த தூள்) 3 டேபிள்ஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர் 5 முதல் 6 டேபிள்ஸ்பூன். மெரிங் பவுடர் கிடைக்காவிட்டால் 2 முட்டையின் வெள்ளைக்கரு போட்டு, தண்ணீரை விட்டுவிடலாம். சர்க்கரையைச் சலித்துக்கொண்டு, கேக் மாவு அடிக்கும் மிக்ஸரைக் குறைந்த வேகத்தில் வைத்து 7 முதல் 10 நிமிடம் அடியுங்கள். வேகத்தைக் கூட்டினால் காற்று நிறையப் புகும். பார்க்கப் பஞ்சு போல அழகாக இருக்கும், காய்ந்ததும் பொருபொருவென்று உதிரும். பளபளப்பு போய், கரண்டியைத் தூக்கினால் முனை வளையாமல் நின்றால் அது ஒட்டுவதற்கான பதம். இடியாப்ப மாவைப் போல அழுத்தினால்தான் வெளியே வரவேண்டும். அதே ஐசிங்கில் கொஞ்சம் எடுத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, கோடு இழுத்தால் 10 எண்ணுவதற்குள் மூடிக்கொள்ளும் அளவுக்குத் தளர்த்தினால் அது பரப்புவதற்கான பதம். இதை வைத்துச் சுவர் ஒட்டப் பார்த்தால் வழிந்து தட்டில்தான் நிற்கும்.

இது ஏன் இறுகுகிறது? வெள்ளைக்கருவின் புரதம் நுரையைத் தாங்குகிறது, தண்ணீர் ஆவியாகிறது, மிஞ்சும் சர்க்கரை ஒன்றோடொன்று கோத்துக்கொள்கிறது. இதில் எந்தக் கண்ணியைக் கெடுத்தாலும் வீடு விழும். கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு போதும், நுரை எழும்பாது. பிளாஸ்டிக் கிண்ணம் பிசுக்கை விடாது, ஆகவே எவர்சில்வரோ கண்ணாடியோ எடுங்கள். மஞ்சள் கரு ஒரு துளி கலந்தாலும் அதே கதிதான். வெண்ணெய் போட்ட பட்டர்கிரீம் ருசியாக இருக்கும், கெட்டியாகவே ஆகாது. அதை வைத்து வீடு கட்ட நினைப்பது களிமண்ணில் மாடி எழுப்புவது போலத்தான்.

மிக்ஸியில் அரைத்த சர்க்கரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் கண்ணுக்குத் தெரியாத குருணை இருக்கும், பைப்பிங் பையின் முனையான நாசிலின் துளையில் வந்து அடைத்துக்கொள்ளும். அடைப்பை எடுக்க அழுத்தினால் பை வெடிக்கும். வேறு வழியில்லை என்றால் மெல்லிய துணியிலோ நுண்சல்லடையிலோ இரண்டு முறை சலித்து, ஒரு கப்புக்கு ஒரு டீஸ்பூன் சோளமாவு கலந்துகொள்ளுங்கள். கடை ஐசிங் சுகரில் கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கப்படுவதும் பொதுவாக அதுதான். நிறத்துக்கு ஜெல் வகையே சரி. திரவ நிறம் பதத்தை உடைத்துவிடும். ஐசிங் கிண்ணத்தை ஈரத்துணி போட்டு மூடாமல் ஐந்து நிமிடம் விட்டாலும் மேலே ஏடு கட்டும், அந்த ஏடும் நாசிலை அடைக்கும்.

கட்டும் முறையில் பெட்டிக் குறிப்புகள் சொல்லும் வரிசை எனக்கு உடன்பாடில்லை. வீட்டை நிறுத்திவிட்டு அப்புறம் அலங்கரி என்கிறார்கள். நிற்கும் சுவரில் ஐசிங் கீழே வழியும், சரிந்த கூரையில் மிட்டாய் நழுவும். பலகைகளைப் படுக்கவைத்தே கோடு இழுத்து, மிட்டாய் பதித்து, ஒரு ராத்திரி காயவிட்டு, அதன்பிறகு நிறுத்துங்கள். ஓரத்தில் ஒரு சென்டிமீட்டரைச் சும்மா விடுங்கள், ஒட்டுவதற்கு இடம் வேண்டும்.

தட்டின் பள்ளத்தை நம்பிச் சுவரை அப்படியே செருகாதீர்கள். பள்ளம் பலகையைவிட அகலம், சுவர் ஆடும். முதலில் பள்ளத்தில் தடித்த ஐசிங் கோடு, பிறகு பின்சுவர், அதற்குச் செங்குத்தாக ஒரு பக்கச் சுவர். இந்த இரண்டும் எல் வடிவில் நின்றுவிட்டால் மற்ற இரண்டும் தானாக அமையும். உள்ளேயும் வெளியேயும் கொண்டைக்கடலை டின்னை முட்டுக் கொடுத்து, மூலைகளில் உள்பக்கமாகவும் ஒரு கோடு ஐசிங் இழுங்கள். வெளியே தெரியாத அந்தக் கோடுதான் வீட்டைத் தாங்குகிறது. கூரை வைக்குமுன் குறைந்தது இரண்டு மணி நேரம், முடிந்தால் மறுநாள் காலை வரை. குழந்தைகள் சுற்றி நிற்கையில் இது கஷ்டம்தான், ஆனால் அவசரப்பட்ட கூரை சரியும்போது சுவரையும் கூடவே இழுத்துச் சாய்க்கும். கூரைப் பலகையை ஒவ்வொன்றாக வைத்து ஐந்து நிமிடம் பிடித்திருங்கள். தாழ்வாரத்தின் கீழே தம்ளரோ கிண்ணமோ முட்டுக் கொடுங்கள்.

காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஸ்வீடன்காரர்களின் வழி இருக்கிறது: உருக்கிய சர்க்கரை. ஸ்வீடனில் பிறந்த ஐகியா கடை விற்கும் பெட்டியில் ஐசிங்கும் மிட்டாயும் இல்லாமல் பலகைகள் மட்டும் வருவதும் அந்த ஊர்ப் பழக்கத்தை ஒட்டித்தான். அகலமான வாணலியில் சர்க்கரையைத் தண்ணீர் விடாமல் பொன்னிறமாக உருக்கி, ஓரத்தைத் தோய்த்து உடனே ஒட்டினால் சில நொடிகளில் பாறை. இது அதிரசப் பாகு அல்ல, கம்பிப் பதமெல்லாம் தாண்டி 160 டிகிரிக்கும் மேலே போன சர்க்கரை. தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டே சுடும். பக்கத்தில் ஒரு பாத்திரம் குளிர்ந்த தண்ணீர் வையுங்கள், குழந்தைகளை அடுக்களைக்கு வெளியே அனுப்புங்கள். கோணலாக ஒட்டிவிட்டால் திருத்தவும் முடியாது. ஐசிங்கில் அந்தச் சலுகை உண்டு.

மிட்டாய்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெட்டியில் வருவது குறைவு, நிறமும் மங்கல். ஜெம்ஸ், ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக்கொண்டால் தீர்ந்தது. வருத்தம் ஜன்னலில்தான். 1812-ல் வெளிவந்த கிரிம் சகோதரர்களின் கதையில் சூனியக்காரியின் வீட்டுக்குச் சுவர் ரொட்டி, கூரை கேக், ஜன்னல் சர்க்கரை. பெட்டிப் பலகைகளில் பெரும்பாலும் ஜன்னலே வெட்டியிருக்காது, ஐசிங்கால் வரைந்துகொள்ள வேண்டியதுதான். சுட்ட பலகையில் பிறகு துளை போடவும் முடியாது.

ஜன்னல் வேண்டுமானால் சுவரையும் வீட்டிலேயே சுட வேண்டும். மைதா 400 கிராம், வெண்ணெய் 100 கிராம், அடர்நிறப் பழுப்புச் சர்க்கரை 100 கிராம், கோல்டன் சிரப் (பொன்னிறச் சர்க்கரைப் பாகு) 150 கிராம், சுக்குப் பொடி ஒரு டேபிள்ஸ்பூன், பட்டைத் தூள் 2 டீஸ்பூன், கிராம்புத் தூள் அரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். பேக்கிங் சோடா வேண்டாம். தின்னும் பிஸ்கட்டுக்கு அது மென்மை தரும், சுவருக்குப் போட்டால் பலகை உப்பிப் பரவி அளவு மாறிவிடும். வெண்ணெய், சர்க்கரை, சிரப் மூன்றையும் கொதிக்கவிடாமல் உருக்கி, வெதுவெதுப்பானதும் மாவில் கொட்டிப் பிசைந்து, மூடி அரை மணி நேரம் விடுங்கள். வெடித்தால் ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர் தெளிக்கலாம். பேக்கிங் தாளின்மேலேயே 5 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, அங்கேயே வெட்டி, சுற்றியுள்ள கழிவை மட்டும் எடுங்கள். வெட்டிய துண்டைக் கையால் தூக்கினால் இழுபட்டுக் கோணலாகும்.

அளவுக்கு அட்டையில் மாதிரி வெட்டிக்கொள்ளலாம்: பக்கச் சுவர் இரண்டு, 15க்கு 10 சென்டிமீட்டர், முன்பின் சுவர் இரண்டு, 12 அகலம், ஓரத்தில் 10 உயரம், நடு முகடு 17, கூரை இரண்டு, 17க்கு 11. ஓவன் 175 டிகிரி, 12 முதல் 15 நிமிடம். ஜன்னல் துளையில் இடித்த கண்ணாடி மிட்டாயைக் கடைசி 4 நிமிடம் இருக்கும்போது போட்டால் உருகிக் கண்ணாடி மாதிரிப் படியும். முழுதாக ஆறும்வரை தாளிலிருந்து எடுக்காதீர்கள். ஓவனிலிருந்து வந்த கையோடு மாதிரி அட்டையை மேலே வைத்துக் கோணல் ஓரங்களைச் சீவிவிட வேண்டும். இரண்டு நிமிடம் தாமதித்தாலும் உடையும். கோல்டன் சிரப்புக்குப் பதில் கெட்டி வெல்லப்பாகு ஊற்றினாலும் வரும், மணமும் நன்றாகவே இருக்கும், ஆனால் ஈரத்தை இன்னும் சீக்கிரம் இழுக்கும்.

அந்த ஈரம்தான் சென்னையில் கட்டுகிறவர்களின் தலைவலி. டிசம்பர் மழைக்காற்றில் பெட்டிப் பலகையும் இரண்டே நாளில் தொய்யும், ஐசிங் பிசுபிசுக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் மோசம், வெளியே எடுத்ததும் வேர்த்துவிடும். பலகைகளை மேலே சொன்னபடி உலர்த்தி, ஏசி அறையில் கட்டி, ராத்திரியில் பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடுங்கள். மழைக்குப் பேர்போன நார்வேயின் பெர்கன் நகரில் 1991-ல் தொடங்கிய, ஜிஞ்சர்பிரெட் வீடுகளால் ஆன குட்டி ஊரும் கூரைக்குள்தான் இருக்கிறது.

வீட்டை உடைத்துத் தின்னப்போகிறீர்கள் என்றால் ஐசிங்கில் பச்சை முட்டை வேண்டாம். பிரிட்டனில் தரச் சின்னமான லயன் (சிங்க) முத்திரை பதித்த முட்டைகளை அரைவேக்காடாகவோ பச்சையாகவோ குழந்தைகளும் கர்ப்பிணிகளும் சாப்பிடலாம் என்று 2017-ல் அங்குள்ள உணவுத் தர முகமை சொன்னது. நம்மூர்ச் சில்லறைக் கடை முட்டைக்கு அந்த உறுதி கிடையாது. மெரிங் பவுடரோ, பாஸ்டரைஸ் செய்த வெள்ளைக்கருவோ போடுங்கள்.